இறக்கத்தில் காக்கும் பூட்டு

பெங்களூர் மல்லேஸ்வரத்தின் மார்கோசா சாலையில் மாலை வேளையில் பேருந்தில் அமர்ந்து செல்லும் நம்மவர், ஓட்டுநரின் இடது காலைச் சற்று நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். பத்தடி நகர்வதற்குள் இரண்டு முறை கிளட்சை மிதித்தாக வேண்டும். ஒரு நாளில் அந்தக் கால் படும் பாட்டுக்கு அளவில்லை. இந்நகரில் பி.எம்.டி.சி. நிறுவனம் ‘வஜ்ரா’ என்னும் பெயரில் ஓட்டத் தொடங்கிய வால்வோ பேருந்துகளிலோ கிளட்ச் மிதியே கிடையாது. கியர் தானாகவே மாறும். மைசூரில் பி.இ.எம்.எல். நிறுவனம் சுரங்கங்களுக்கென உருவாக்கும் பெரிய டம்பர் லாரிகளிலும் தானியங்கிக் கியர் உண்டு.

கிளட்ச் மிதி இல்லையெனில், வண்டி நிற்கும்போதும் எஞ்சின் அணையாமல் ஓடுவது எவ்வாறு? இதற்கு விடை, டார்க் கன்வெர்ட்டர் என்னும் முறுக்குவிசை மாற்றி. ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905ஆம் ஆண்டில் கப்பல்களுக்கெனக் கண்டுபிடித்த சாதனம் இது.

இதன் தத்துவத்தை நம் வீட்டு அடுக்களையிலேயே காணலாம். தயிர் கடையும்போது மத்து சுழல, தயிரும் உடன் சுழல்கிறது. சுழலும் தயிர் பானையையும் இழுத்துச் சுழற்ற முயல்கிறது. அதனால்தான் பானையைப் பிடித்துக்கொள்கிறோம். எஞ்சினோடு இணைந்த சக்கரம் மத்து. உள்ளே இருக்கும் எண்ணெய் தயிர். கியர்ப் பெட்டியோடு இணைந்த டர்பைன் சக்கரம் பானை. இரண்டிற்கும் இடையே ஸ்டேட்டர் என்னும் மூன்றாவது சக்கரம் எண்ணெயின் போக்கைத் திருப்பிவிடுவதால், வண்டி புறப்படும் வேளையில் எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகுகிறது. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் குலுங்காமல் கிளம்புவதற்கு இதுவே காரணம்.

ஆனால், பானை மத்தைவிட எப்போதும் சற்றுப் பின்தங்கியே சுழலும். சீரான வேகத்தில் செல்லும்போதும் எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதி எண்ணெயைச் சூடேற்றுவதிலேயே வீணாகிறது. இக்குறையை நீக்க வந்ததே லாக்-அப் கிளட்ச். லாக்-அப் என்றதும் நமக்குக் காவல் நிலையம் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே பூட்டப்படுவன இரு சக்கரங்கள். எண்ணெய் அழுத்தத்தினால் ஓர் உராய்வுத் தட்டு நெருக்கப்பட்டு, எஞ்சினும் கியர்ப் பெட்டியும் இரும்போடு இரும்பாகப் பிணைகின்றன. அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1949இல் தன் கார்களில் இதனை அமைத்தது. நம் நாட்டிலும் எம்.எம். சூரி என்ற பொறியாளர், தொடக்கத்தில் எண்ணெய் வழியாகவும் வேகம் எடுத்தபின் நேரடிப் பிணைப்பின் வழியாகவும் ஆற்றலைச் செலுத்தும் ‘சூரி டிரான்ஸ்மிஷன்’ முறையை டீசல் ரயில் எஞ்சின்களுக்காக வகுத்தார். 1962இல் அவர் பட்நாகர் பரிசு பெற்றார்.

எப்போது பூட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்பதை இன்று வண்டியிலுள்ள கணினியே தீர்மானிக்கிறது. வேகம், எஞ்சின் சுழற்சி, ஆக்சிலரேட்டரின் நிலை, எண்ணெயின் வெப்பம் ஆகியவற்றை அது அளந்து அறியும். எனினும், வளைவுக்கு அப்பால் காத்திருக்கும் சரிவை அது அறியாது. அதை அறிந்தவர் ஓட்டுநர். பூட்டினைக் கையால் ஆளும் வசதியை லாரிக்காரர்கள் நாடுவதன் காரணம் இதுவே.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. சேலமோ 300 மீட்டருக்கும் தாழ்ந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்லும் நாம் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக இந்த உயரம் முழுவதையும் இறங்கியாக வேண்டும். அவ்வழியில் விபத்துகளால் பெயர் கெட்ட இடம் தொப்பூர்க் கணவாய். 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 75 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வளவு வெப்பத்தையும் சக்கரத்துப் பிரேக்குகளே தாங்க வேண்டுமென்றால், அவை பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழந்துவிடும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி செய்வதுதான் பாதுகாப்பு. சாதாரண லாரியில் சிறிய கியரில் இறங்கினால் இது கைகூடும். டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவோர் இப்பாதுகாப்பைத் தாமே கைவிடுகின்றனர்.

தானியங்கி லாரியிலோ, ஓட்டுநர் அறியாமலே இதே நிலை நேரக்கூடும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்ததும், அல்லது பிரேக்கைத் தொட்டதும், சில வண்டிகளில் கணினி பூட்டை அவிழ்த்துவிடும். அப்போது சக்கரங்களுக்கும் எஞ்சினுக்கும் இடையே எண்ணெய் மட்டுமே எஞ்சும். எஞ்சினின் சுழற்சி தணிந்துவிடும். புகைப்போக்கியை அடைத்து எஞ்சினைத் தடுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் பெரிதும் பயனற்றதாகும். பூட்டு விழுந்திருந்தால், வண்டியின் பாரம் நேரே எஞ்சினைத் தள்ள, எஞ்சின் அதனை எதிர்த்து நிற்கும். நெடிய ஏற்றத்திலும் இப்பூட்டு உதவும். வழுக்கல் நின்று எண்ணெயின் சூடு தணியும்.

ஆயினும், கையில் ஒரு சுவிட்ச் கிடைத்துவிட்டது என்பதற்காக எப்போதும் பூட்டியே வைத்தல் பேதைமை. வேகம் மிகக் குறைந்தபின்னும் பூட்டை அவிழ்க்காவிட்டால், கிளட்சை மிதிக்காமல் நிறுத்திய வண்டி போல எஞ்சின் குலுங்கி அணையும்; அணைந்தால் ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். மழையில் வழுக்கும் சாலையில் இது பேராபத்து. மெதுவான வேகத்தில் முழு ஆற்றலையும் செலுத்திப் பூட்டினால் உராய்வுத் தட்டு வழுக்கிக் கருகும். கியர் மாறும் கணத்தில் பூட்டு நீடித்தால், அந்த அதிர்ச்சியைப் பற்சக்கரங்கள் ஏற்க நேரும். ஆகவே ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்திப் பூட்டுதல், நிற்பதற்கு முன்பே அவிழ்த்தல், எண்ணெய் வெப்பமானியில் கண் வைத்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே பூட்டு தானாகவே அவிழும் ஏற்பாடும் இருத்தல் வேண்டும்.

தெருவோரப் பட்டறையில் கம்பி இழுத்துச் சுவிட்ச் வைப்பதைக் காட்டிலும், வண்டியைச் செய்தவர்கள் தந்துள்ள பாரவண்டி முறையையும், கியரைக் கீழ்நிலையில் நிறுத்தும் நெம்புகோலையும் முதலில் பயன்படுத்துவதே அறிவுடைமை. பல வண்டிகளில் பூட்டை நிலைநிறுத்தும் வசதி அவற்றிலேயே அடங்கியுள்ளது. எந்த வழியானாலும் சரிவு தொடங்குமுன்னரே வேகத்தைக் குறைத்து, கியரைத் தாழ்த்தி, பூட்டை விழச் செய்துவிட வேண்டும். பிரேக்கு காய்ந்தபின் தேடினால் அது கைகொடுக்காது. தொப்பூரில் முன்னே செல்லும் லாரியில் இருப்பவர்களும், பின்னே பேருந்தில் ஊர் செல்லும் நம் குடும்பத்தாரும் அந்த ஓட்டுநரின் முன்யோசனையை நம்பியே கண்ணயர்கின்றனர்.