சளி மாத்திரை கேட்கும் பெரியவருக்கு தடுப்பூசி சேதி சொல்வது யார்?

திருவண்ணாமலை மெடிக்கல் ஷாப்புகளில் தினசரி நடக்கும் கூத்து

திருவண்ணாமலை,

பவுர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலம் முடித்த கூட்டம் பஸ் நிலையத்தை நோக்கி நகருகிறது. 14 கிலோ மீட்டர் ராத்திரி முழுக்க பனியில் நடந்த களைப்பு. மெடிக்கல் ஷாப் வாசலில் தள்ளுமுள்ளு. ஒருவருக்கு கால் வலி தைலம். இன்னொருவருக்கு இருமல் டானிக்.

அந்த கூட்டத்தில் ஒரு பெரியவர் நிச்சயம் இருப்பார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வயது 65-ஐ தாண்டியிருக்கும். சர்க்கரை வியாதி வேறு. மடியில் பீடிக்கட்டு.

"தம்பி, நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. மூச்சு வாங்குது. நல்லதா ரெண்டு மாத்திரை குடுப்பா."

டாக்டர் சீட்டு கிடையாது. இரண்டு மாத்திரை கைமாறும். பெரியவர் போய்விடுவார். இந்த சளி நிமோனியாவாக மாறி ஆளையே சாய்த்துவிடலாம் என்றோ, அதற்கு தடுப்பூசி இருக்கிறது என்றோ அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மூக்கில் குடியிருக்கும் எமன்

கிருமியின் பெயர் நிமோகாக்கஸ். 1881-ம் ஆண்டில் பிரான்சில் லூயி பாஸ்டரும், அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே இதை கண்டுபிடித்தனர். நல்ல ஆரோக்கியமான குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். இருமல், தும்மலில் பறந்து அடுத்தவரிடம் தொற்றும். நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. ரத்தத்தில் கலந்தாலோ, மூளை உறையை பிடித்தாலோ உயிருக்கே உலை.

பச்சைக்குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை, இருதய, சிறுநீரக நோயாளிகள், ஆஸ்துமாக்காரர்கள், புகை பிடிப்பவர்கள் என்றால் இந்த கிருமிக்கு கொண்டாட்டம்.

பேரனுக்கு உண்டு, தாத்தாவுக்கு?

குழந்தைகளுக்கு கவலை இல்லை. 2021-ம் ஆண்டு ஜூலை முதல் தமிழ்நாட்டில் அரசு இந்த ஊசியை இலவசமாக போடுகிறது. 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என மூன்று தவணை. புனேயில் உள்ள சீரம் நிறுவனமே இந்த ரக ஊசியை தயாரிக்கிறது. பேரனுக்கு ஊசி போட்டால் தாத்தாவுக்கும் கொஞ்சம் லாபம் உண்டு. பேரன் மூக்கில் கிருமி தங்குவது குறையும். முத்தம் கொடுத்தாலும் தாத்தாவுக்கு ஒட்டும் வாய்ப்பு குறையும்.

ஆனால் தாத்தாவுக்கென்று தேசிய தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசி இல்லை. தனியார் டாக்டரிடம் சொந்த காசில்தான் போட வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில் வரும். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், பணம் உள்ளவருக்கே இப்படி ஒரு ஊசி இருப்பது தெரியவில்லையே!

அமெரிக்காவில் நடந்தது

அங்கே மருந்துக்கடைக்காரரே ஊசி போடுகிறார். 1996-ல் அந்நாட்டு மருந்தாளுநர் சங்கம் இதற்கென சான்றிதழ் பயிற்சி தொடங்கியது. 2009-க்குள் 50 மாநிலங்களிலும் மருந்தாளுநர் தடுப்பூசி போட அனுமதி வந்துவிட்டது. ஊசி குத்த பழகுவதோடு பயிற்சி முடிவதில்லை. யாருக்கு போடலாம், யாருக்கு கூடாது, போட்டதும் ஒருவருக்கு கடும் ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் மருந்தை எப்படி செலுத்துவது என்பதெல்லாம் பாடம்.

நம் ஊரில் மருந்தாளுநர் தடுப்பூசி போடும் ஏற்பாடு கிடையாது. அரைகுறை பழக்கத்தில் யாராவது குத்தி வைத்தால் ஆபத்துதான். ஆனால் வாயால் சொல்வதை யார் தடுத்தார்கள்? 2015-ல் அறிவிக்கப்பட்ட மருந்தாளுநர் பணி விதிகளே, நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநரின் கடமை என்கின்றன.

சுவரில் சான்றிதழ்

இதில் ஒரு வில்லங்கம். 1948-ம் ஆண்டு சட்டப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக்கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். சில கடைகளில் அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கும், ஆளை காணோம். கவுண்டரில் நிற்கும் பையனுக்கு நிமோகாக்கஸ் என்று சொல்லவே வாய் வராது. பயிற்சி என்றால் முதலில் ஆள் கடையில் இருக்க வேண்டும் அல்லவா!

ஆள் இருந்தால் கற்க வேண்டியது மலையளவு இல்லை. வயது என்ன? சர்க்கரை, இருதய கோளாறு உண்டா? முன்பு இந்த ஊசி போட்டதுண்டா? இதை கேட்டு டாக்டரிடம் அனுப்ப ஒரு நிமிடம் போதும். காய்ச்சலோடு மூச்சுத்திணறலும் இருந்தால் மாத்திரை பேச்சே கூடாது. நேரே அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான்.

அடுத்தது பிரிட்ஜ். இந்த ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஐஸ் கட்டியாக உறைந்தால் பாழ். கரண்டு போய் சூடேறினாலும் வம்பு. உறைந்த மருந்தை போட்டால் காசும் போச்சு, பாதுகாப்பும் போச்சு. தயிர் பாக்கெட்டுடன் தடுப்பூசியையும் சேர்த்து வைக்கும் கடைக்கு இந்த வேலையே வேண்டாம்.

கார்த்திகை தீபம் என்றால் லட்சக்கணக்கில் ஜனம் திரளும். மலையை சுற்றி பனியும் இருமலும்தான். அன்றைக்கும் அந்த பெரியவர் வருவார். இரண்டு மாத்திரையை வாங்கி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்க பஸ் ஏறுவார்.