மணல் எப்படி நடக்கிறது?

வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குப் போனவர்கள் பழைய அந்தோனியார் கோவிலின் இடிபாட்டைக் கண்டிருப்பீர்கள். கூரை இல்லை, சுவர்கள் மணலுக்குள் நிற்கின்றன. அந்த மணலை ஒருவரும் கொண்டுவந்து கொட்டவில்லை. காற்றே கொண்டுவந்தது.

தூசி வானத்தில் மிதந்து போகும். மணல் அப்படியல்ல, அது குதித்துப் போகிறது. பிரித்தானிய இராணுவ அதிகாரியான ரால்ஃப் பாக்னோல்ட், லிபியப் பாலைவனத்தில் அலைந்தபின் இதனை ஆராய்ந்து 1941இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி மேலெழுந்து, காற்றோடு சிறிது தூரம் போய் விழுகிறது. விழும் வேகத்தில் வேறு மணிகளைக் கிளப்பிவிடுகிறது. பெயரும் மணலில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வாறே போகிறது. மற்றது அடிபட்டு உருளுகிறது. பெரும்பாலான மணிகள் எமது முழங்காலுக்கு மேலே எழுவதில்லை.

இன்னொன்றும் கண்டார். பலத்த காற்றின் வேகம் இருமடங்கானால் மணல் ஏறக்குறைய எட்டு மடங்கு பெயரும். மெல்லிய காற்று ஒரு கிழமை முழுவதும் செய்வதை மூர்க்கமான சோளகம் ஒரே நாளில் செய்துவிடும்.

பல வருடம் விட்டுப்போன காணிக்குத் திரும்புகிறவர்கள் முதலில் செய்வது என்ன? பற்றையை வெட்டி, எரித்து, காணியை வெளியாக்குவது. (கண்ணிவெடி அகற்றிய காணிதானா என்பதை அதற்கு முன் உறுதிசெய்யுங்கள்.) பார்வைக்கு அழகுதான். ஆனால் மணற்பாங்கான தறையை ஈரம் காய்ந்த காலத்தில் இப்படி வெறுமையாக்கினால், மேல்மண் அடுத்த காணிக்குப் போய்விடும். பயிர் அறுத்த அடிக்கட்டையும் புல்லும் நின்றாலே மணியின் குதிப்பு அங்கே முடியும். மதிலைவிடக் கிளுவை வேலி நல்லது: மதிலில் மோதிய காற்று மறுபுறம் சுழன்று விழும், வேலியோ அதைச் சல்லடைபோல விட்டுத் தணிக்கும். ஆறடி வேலி அறுபதடி வரை காப்புத் தரும்.

தண்ணீரின் கணக்கு வேறு. வெறும் நிலத்தில் மாரி மழைத்துளி விழும்போதே மண்கட்டி உடைகிறது. ஓடும் நீர் வேகம் குறைந்ததும் முதலில் பருமணலைப் போடும். களி ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் இலகுவில் கிளம்பாது. கிளம்பினாலோ நிற்கும் நீரை அடையும்வரை படியாது. வன்னிக் குளங்களின் அடியில் கிடக்கும் வண்டல் இப்படி மேட்டுக்காணிகளிலிருந்து போனது. ஆகையால் சரிவை மேலிருந்து கீழாக உழாதீர்கள். குறுக்கே உழுது, குறுக்கே வரம்பு கட்டுங்கள். கற்களைச் சரிவுக்குக் குறுக்காக வரிசையாய் அடுக்கினாலும் போதும். ஒரு மாரி கழிந்ததும் அவற்றின் மேற்பக்கத்தில் எவ்வளவு மண் தங்கியிருக்கிறது என்று பாருங்கள்.