ரங்கூன் உமியும் கிணற்று நீரும்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் உலகிலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. அந்த அரிசியைத் தீட்டிய ஆலைகள் பல, இன்று யாங்கோன் என்றழைக்கப்படும் ரங்கூனின் கிழக்கே, பசுண்டவுங் ஓடைக்கரையில் நின்றன. அவற்றில் நெல்மூட்டை சுமந்தோரில் எம்மவரும் இருந்தனர். ஐந்து கிலோ நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ ஒரு கிலோ உமி கழியும். கொதிகலனில் எரித்தது போக எஞ்சியது குப்பையே.

அந்தக் குப்பைக்கு இப்போது புதியதொரு பணி பேசப்படுகிறது: நீரில் கரைந்துள்ள ஈயம், கட்மியம் முதலிய பார உலோகங்களைப் பிடித்து வைத்தல்.

யாங்கோனில் நகரக் குழாய்நீர் எட்டாத வீடுகள் ஏராளம். அங்கெல்லாம் குழாய்க்கிணறே கதி. அங்குள்ள உறவினருக்குக் கிணறு தோண்டப் பணம் அனுப்பும் வாசகர்கள் ஒன்றை மனதிற் கொள்ளவேண்டும். பார உலோகத்துக்கு நிறமில்லை, மணமில்லை. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. ஆவியாகிய நீரின் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றர் குடிநீரில் ஈயத்துக்கு 10 மைக்ரோகிராம், கட்மியத்துக்கு 3 மைக்ரோகிராம் என்றே எல்லை வகுத்துள்ளது.

உமி இதனை எவ்வாறு செய்கிறது? அதிலுள்ள செலுலோசு, லிக்னின் ஆகியவற்றின் மேற்பரப்பில் நேர்மின் ஏற்றமுள்ள உலோக அயன்களைப் பற்றும் இடங்கள் உள்ளன. எரிகாரத்தில் ஊறவைத்துக் கழுவினால் அவ்விடங்கள் பெருகும். நீர் மிகுந்த அமிலத்தன்மை கொண்டதாயின் ஐதரசன் அயன்கள் முந்திக்கொண்டு அமர்ந்துவிடும், உலோகத்துக்கு இடமிராது. உமி மட்டுமன்று, கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் நமசிவாயமும் கதிர்வேலுவும் தென்னை நார்க்கழிவிலிருந்து செய்த கரி கட்மியத்தை அகற்றுவதை 2003இல் வெளியிட்டனர்.

ஆயினும் விரிவுரையாளனாய் இருந்த காலம் முதலே எனக்கோர் ஐயம் உண்டு. ஆய்வுகூடக் குடுவையில் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரும் ஒரே ஓர் உலோகமுமே இருக்கும். கிணற்றிலோ கல்சியம், மக்னீசியம், இரும்பு எல்லாம் அதே இடங்களுக்குப் போட்டியிடும். அங்கே உமியின் திறன் குறைவது இயல்பு.

இதனினும் பெரிய சிக்கல் ஆர்செனிக். இராவதி ஆற்றுக் கழிமுகக் கிணறுகள் பலவற்றில் கண்டறியப்பட்ட நஞ்சு அதுவே. நிலத்தடி நீரில் அது மின்னேற்றமின்றியோ எதிர்மின் ஏற்றத்துடனோ இருப்பதால் வெறும் உமி அதனை நன்கு பிடிக்காது. இரும்பின் துணை வேண்டும். வங்கதேசத்திற் பிறந்த அபுல் உசாமுக்கு 2007இல் அமெரிக்காவின் கிரெய்ஞ்சர் பரிசைப் பெற்றுத்தந்த சோனோ வடிகட்டியில் ஆர்செனிக்கைப் பிடிப்பது இரும்புக் கலவையே.

ஆகவே முதலிற் செய்யவேண்டியது நீர்ப் பரிசோதனை. எந்த உலோகம் என்று அறியாமல் உமியை நம்புதல் தகாது. அடுத்து, வடிகட்டி விற்பவரிடம், உலோகம் ஏறிய உமியை எங்கே போடுவது என்று கேட்கவேண்டும். அடுப்பிலிட்டால் ஈயம் சாம்பலிலும் புகையிலும் இருக்கும். வயலுக்கு எருவாக இட்டாலோ, கட்மியத்தை நெற்பயிர் வேரால் உறிஞ்சி மீண்டும் அரிசிக்கே கொண்டுவரும்.