பாடி கட்டும் பட்டறையும் கணினியும்



சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் சாலையில் நீங்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். கூரை இல்லை, பக்கப் பலகை இல்லை, சில வேளைகளில் ஓட்டுநருக்கு ஓர் அறைகூட இல்லை. இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களும், இயந்திரமும், சக்கரங்களும் மட்டுமே கொண்ட லாரி ஒன்று விரைந்து ஓடும். ஓட்டுநர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் காற்றிலும் அமர்ந்திருப்பார். அந்தச் சேஸிஸ், பாடி கட்டுவதற்காகப் பட்டறைக்குப் போகிறது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் இத்தொழிலில் பெயர் பெற்றவை.

சேஸிஸைச் செய்தவர் ஒருவர். பாடியைக் கட்டுபவர் வேறொருவர். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் பாடி சேஸிஸின்மேல் பொருந்துகிறது; பல டன் பாரத்தைச் சுமக்கிறது. இஃது எவ்வாறு இயலுகிறது? இந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு கணினியின் பக்கம் திரும்புவோம்.

என் தமக்கையின் மகள் நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் பயில்கிறாள். அவளுடைய மடிக்கணினியில் இயங்குவது லினக்ஸ். தமிழ்க் கட்டுரை ஒன்றை இரண்டு நாட்களில் எழுதித் தர வேண்டியிருந்தது. குறிப்பெழுதும் செயலி ஒன்றை வெளியிலிருந்து இறக்கி வைத்திருந்தாள். அச்செயலி பட்டியலில் தோன்றவில்லை; தேடிப் பிடித்துத் திறந்தாலோ தமிழ் எழுத்து விழவில்லை. மற்றொரு செயலியில் தமிழ் நன்றாக வந்தது. "மாமா, இந்தக் கணினிக்குத் தமிழ் பாதிதான் தெரிகிறது. நான் ஆங்கிலத்திலேயே குறிப்பெடுத்துக்கொள்கிறேன்" என்றாள். அந்தச் சொல் என்னை உறுத்திற்று. தாய்மொழியில் எழுத வந்த பிள்ளையை ஒரு சிறு இணைப்புக் குறை திருப்பி அனுப்புவதா?

குறையின் வேரைக் காண்போம். திரையில் நாம் காணும் பட்டியல், சாளரங்கள், படக்குறிகள் ஆகியவற்றின் தொகுதியை மேசைத்தளச் சூழல் என்பர். லினக்ஸ் உலகில் அது பலவாக உள்ளது. 1996இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிக் என்பவர் கேடிஇ திட்டத்தைத் தொடங்கினார். அது கியூட்டி என்ற கருவித்தொகுப்பின்மேல் எழுந்தது. கியூட்டியின் உரிமம் அந்நாளில் முழு விடுதலை தருவதாக இல்லை. ஆகவே 1997இல் மெக்சிகோவைச் சேர்ந்த மிகுவேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் குனோம் திட்டத்தைத் தொடங்கினர். அது ஜிடிகே என்ற வேறொரு கருவித்தொகுப்பைக் கொண்டது. எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன் போன்றவையும் உள்ளன. இது நமக்கு அயலான செய்தி அன்று. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவரத் தொடங்கிற்று. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே அது நம் மாணவர் பலரின் கைக்கும் வந்தது.

சேஸிஸ்கள் பலவானால், பாடி கட்டுபவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டிக்கொண்டிருக்க இயலுமா? இயலாது. இதை உணர்ந்தே 2000ஆம் ஆண்டில் ஹாவக் பென்னிங்டன் என்பவர் ஃப்ரீடெஸ்க்டாப் என்னும் பொது மன்றத்தை ஏற்படுத்தினார். அது சட்டம் இயற்றும் அவை அன்று. எல்லாரும் பின்பற்றத்தக்க உடன்பாடுகளை வகுக்கும் இடம்.

முதல் உடன்பாடு பட்டியலைப் பற்றியது. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சிறிய எழுத்துக் கோப்பு உண்டு. செயலியின் பெயர், அதை இயக்கும் கட்டளை, படக்குறி, எவ்வகையைச் சேர்ந்தது, எவ்வகைக் கோப்புகளைத் திறக்கும் என்ற விவரங்கள் அதில் வரிவரியாக இருக்கும். அதைக் குறித்த ஒரு கோப்புறையில் வைத்துவிட்டால் போதும். கேடிஇயும் குனோமும் அதே கோப்பைப் படித்துத் தத்தம் பட்டியலில் காட்டும்.

இரண்டாவது, உள்ளீட்டு முறை. தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் 'எச்' விசையை அழுத்தினால் 'க' தோன்ற வேண்டும். விசைக்கும் செயலிக்கும் இடையே ஐபஸ் போன்ற ஒரு நிரல் நின்று இம்மாற்றத்தைச் செய்கிறது. அந்நிரலோடு பேசும் இணைப்புப் பகுதி, செயலி பயன்படுத்தும் கருவித்தொகுப்பில் இருத்தல் வேண்டும். இல்லையேல் 'எச்' என்ற ஆங்கில எழுத்தே விழும்.

என் மருமகளின் கணினியில் நிகழ்ந்தது இதுவே. அவள் இறக்கியது ஆப்இமேஜ் என்னும் வகை. அது நிறுவப்படாமலே இயங்கும் ஒற்றைக் கோப்பு. ஆதலின் பட்டியலில் தானாகச் சேரவில்லை. தனக்கு வேண்டிய கருவித்தொகுப்பையும் அது தன்னுள்ளேயே சுமந்து வந்தது. ஆனால் அவள் கணினியின் உள்ளீட்டு முறைக்குரிய இணைப்புப் பகுதி அந்த மூட்டையில் இல்லை.

எல்லாம் உடன்பாடாகிவிட்டது என்று எண்ண வேண்டா. திரையின் ஓரத்தில் சிறு குறியாக ஒளிந்திருக்கும் செயலிகளை அறிவீர்கள். குனோம் தன் 2017ஆம் ஆண்டு வெளியீடு ஒன்றில் அப்பழைய தட்டையே நீக்கிவிட்டது. கேடிஇ அதற்கு இன்றும் இடம் தருகிறது. அக்குறியை மட்டுமே நம்பி எழுதப்பட்ட செயலி, ஓரிடத்தில் நன்கு நடக்கும். மற்றோரிடத்தில் காணாமல் போகும்.

பட்டறை மேஸ்திரி ஒருவர் எனக்குச் சொன்ன பாடம் இங்கே பொருந்தும். சேஸிஸ் சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளையிடலாகாதாம்; துளையிட்ட இடத்தில் பாரம் ஏறும்போது விரிசல் காணுமாம். 'யு' வடிவப் போல்ட்டால் சட்டத்தை அணைத்துப் பிடிக்க வேண்டுமாம். செயலி எழுதுவோரும் அவ்வாறே ஒரு சூழலின் உட்புறத்தைத் துளைத்து இணைக்காமல், பொதுவான உடன்பாட்டைப் பற்றிக்கொள்ள வேண்டும். லாரிப் பாடிக்கும் இன்று 'ஏஐஎஸ் 093' என்னும் விதித்தொகுப்பு உண்டல்லவா?

பின்னர் நாங்கள் செய்தது எளிய செயல். ஆப்இமேஜை நீக்கிவிட்டு, அதே செயலியை அவளுடைய லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவினோம். பட்டியலிலும் சேர்ந்தது, தமிழும் விழுந்தது. கட்டுரை உரிய நாளில் முடிந்தது. அவள் அத்தோடு நிற்கவில்லை. ஆப்இமேஜின் குறையை விளக்கி அதனை ஆக்கியோருக்கு எழுதி அனுப்பினாள்.

நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. லினக்ஸ் கணினி கிடைத்தால் அந்தப் பட்டியல் கோப்புகளுள் ஒன்றைத் திறந்து படியுங்கள். பெயர் பல மொழிகளில் எழுதப்பட்டிருக்கும். தமிழ் வரி இல்லையாயின், அதை நீங்களே எழுதி ஆக்கியோருக்கு அனுப்புங்கள். திறந்த மூலம் என்பதன் பொருள் அதுதான்: பட்டறையின் கதவு திறந்திருக்கிறது, உள்ளே சென்று ஒரு போல்ட்டை முடுக்க உங்களுக்கும் உரிமை உண்டு.