லாலாங் வேரும் ஒளிந்திருக்கும் கிருமியும்



பேசக் கூச்சப்படும் விஷயம்தான். ஆனாலும் பேசித்தான் ஆகவேண்டும். எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல். அதே ஆண்டில்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அன்று மருந்து கிடையாது. இன்று உண்டு. மலேசியக் குடிமக்களுக்கு முதல் கட்ட மருந்துகளை 2006 முதல் அரசாங்கமே இலவசமாகக் கொடுத்து வருகிறது.

அப்படியிருந்தும் கூலிம், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய் பக்கம் போனால் காதில் விழுவது என்ன? "ரத்தத்துல கிருமியே தெரியலன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க. அப்புறம் என்னாத்துக்கு மருந்து? நிப்பாட்டிட்டேன்."

தோழர்களே, 'தெரியவில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு!

லாலாங் புல் நமக்குத் தெரியாததா? மேலே வெட்டினால் காடு சுத்தமாகத் தெரியும். மண்ணுக்கடியில் வேர் கிடக்கும். மழை பெய்தால் மறுபடி முளைக்கும். இந்தக் கிருமியும் அப்படித்தான். நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு அணுவிலும் தாய் தகப்பன் கொடுத்த மரபு எழுத்து இருக்கிறது. நோயை எதிர்க்கும் வெள்ளையணுவுக்குள் புகும் எச்.ஐ.வி., அந்த எழுத்துக்கு நடுவே தன் எழுத்தையும் எழுதிவிடுகிறது. அப்படிப்பட்ட அணுக்களில் சில தூங்கிப்போகின்றன. மருந்து பெருகுகிற கிருமியைத் தடுக்கும், தூங்குவதைத் தொடாது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்களின் உடம்பிலும் கிருமி இப்படி ஒளிந்திருப்பதை 1997-ல் விஞ்ஞானிகள் காட்டினார்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே அது திரும்பிவிடும். விட்டுவிட்டுச் சாப்பிட்டாலோ, மருந்துக்கே மசியாத கிருமி உண்டாகலாம்.

"நம்ம பரம்பரை ரத்தம் கெட்டி, ஒண்ணும் பண்ணாது" என்பாரும் உண்டு. மரபில் வித்தியாசம் இருப்பது மெய்தான். ரப்பரில் ஒரு குளோன் நோயைத் தாங்கும், இன்னொன்று தாங்காது. மனிதரிலும், கிருமி அணுவுக்குள் நுழைய உதவும் 'சி.சி.ஆர்.5' என்ற கதவு சிலருக்குப் பிறவியிலேயே சரியாக அமைவதில்லை. அந்த மாற்றம் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்திருக்கவேண்டும். வட ஐரோப்பியரில் நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கலாம். நம்மவரிடையே மிக மிக அரிது. அப்படிப்பட்ட ஒருவரின் ரத்த மூல அணுக்களைப் பெற்றுத்தான் அமெரிக்கரான திமோத்தி ரே பிரவுன் பெர்லினில் குணமானார். 2007-ல் நடந்த அந்தச் சிகிச்சை ரத்தப் புற்றுநோய்க்காகச் செய்தது, உயிருக்கே ஆபத்தானது. ஊருக்கெல்லாம் செய்கிற வைத்தியம் அல்ல.

ஆகவே நமக்கு வழி தினசரி மாத்திரைதான். ஒழுங்காகச் சாப்பிட்டு, கிருமி தெரியாத அளவுக்கு அடங்கியிருக்கும் வரை, உடலுறவால் கணவன் மனைவிக்குத் தொற்றாது. கர்ப்பிணித் தாய் மருந்து சாப்பிட்டால் பிள்ளையையும் காப்பாற்றலாம். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2018-ல் உலகச் சுகாதார நிறுவனமே மலேசியாவுக்குச் சான்று வழங்கியது.

இனி சங்கத்தின் வேலைக்கு வருவோம். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும், கிராணி கேள்வி கேட்பார், லயத்தில் கதை கட்டுவார்கள். இந்தப் பயத்தில்தான் பலர் மருந்தை விடுகிறார்கள். கிருமி இருப்பதைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, அவர் விவரத்தை ரகசியமாக வைக்கவேண்டும் என்று 2001-லேயே அரசாங்கம் வேலையிடத்துக்கான நடைமுறைக் கோட்பாடு வெளியிட்டிருக்கிறது. அது சட்டமல்லதான், ஆனாலும் நிர்வாகத்தின் மேசைமேல் எடுத்து வைக்கத் தக்க ஆயுதம். தோட்டக் கமிட்டித் தலைவர்கள் அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் நாளுக்கு லீவு கேட்டுப் பேசுங்கள். யாருக்கு என்ன வியாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால் இது தொற்றாது. தோழனை ஒதுக்காதீர்கள். "மாத்திரை போட்டியா?" என்று கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தைக் காக்கும்!