கஷ்டத்தில் இருப்பவருக்கு எந்தப் புத்தகம்?

சென்ற மாத நேரலையில் நான் பேசியதைக் கொஞ்சம் திருத்தி இங்கே எழுதுகிறேன். பேச்சு முடியும் நேரத்தில் ஒரு நண்பர், "சிஸ்டர், மனவுறுதி, வாழ்க்கையின் அர்த்தம் என்று வரும் இந்தப் புத்தகங்களை நிஜமாகவே கஷ்டத்தில் இருப்பவருக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். நேரமில்லாததால் "தாராளமாகக் கொடுக்கலாம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது அவசரப் பதில். இருபது வருடம் வார்டில் வேலை பார்த்தவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

விமான நிலையக் கடைகளில் அடுக்கியிருக்கும் இவ்வகைப் புத்தகங்களில் பாதிக்கு மேல் ஒரே புத்தகத்தின் பேரப்பிள்ளைகள். விக்டர் ஃபிராங்க்ல் எழுதிய 'மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்' என்ற அந்த மூலத்தைப் படிக்காமலேயே பலர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஃபிராங்க்ல் 1905இல் வியன்னாவில் பிறந்த யூதர், மனநல மருத்துவர். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த பிறகு அவருக்கு அமெரிக்க விசா கிடைத்தது. வயதான பெற்றோரை விட்டுப் போவதா என்று தவித்துக்கொண்டிருந்தபோது, இடிக்கப்பட்ட யூத ஆலயத்திலிருந்து அப்பா எடுத்து வந்த சலவைக்கல் துண்டு ஒன்றை வீட்டில் பார்த்தார். அதிலிருந்த ஒற்றை எபிரேய எழுத்து, தாய் தந்தையைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளையைக் குறித்தது. விசாவைக் காலாவதியாக விட்டுவிட்டார். 1942இல் பெற்றோருடனும் மனைவியுடனும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அப்பா அங்கேயே இறந்தார். 1944 அக்டோபரில் ஃபிராங்க்லை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள், பிறகு டாகாவின் கிளை முகாம்களுக்கு. 1945 ஏப்ரலில் விடுதலையாகி வந்தபோது அம்மாவும் இல்லை, மனைவியும் இல்லை. அந்த வருடமே ஒன்பது நாட்களில் வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்த புத்தகம் 1946இல் ஜெர்மனில் வந்தது. முதலில் தன் பெயரைப் போடாமல் வெளியிடத்தான் நினைத்தாராம்.

வீட்டை விட்டு வந்து, ஊரில் அப்பா அம்மாவைத் தனியே வைத்திருக்கும் நம்மில் பலருக்கு அந்தக் கல் துண்டுக் கதையைத் தாண்டிப் போவது கஷ்டம். எனக்கும்தான்.

மனிதனுக்கு மூன்று வழிகளில் அர்த்தம் கிடைக்கிறது என்கிறார் ஃபிராங்க்ல்: ஒரு வேலையைச் செய்வது, ஒருவரையோ ஒன்றையோ நேசிப்பது, தவிர்க்க முடியாத துன்பத்தின் முன் நாம் எப்படி நிற்கிறோம் என்பது. வாழ்க்கையிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று கேட்டுக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, அது நம்மிடம் என்ன கேட்கிறது என்று பார்க்கச் சொல்கிறார்.

1944 கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவிலான வாரத்தில் முகாமில் சாவு வழக்கத்தைவிட அதிகமானதை எழுதுகிறார். வேலை கூடவில்லை, சாப்பாடு குறையவில்லை, புது நோயும் வரவில்லை. பண்டிகைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பலர் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை உடைந்தது என்று முகாம் மருத்துவர் காரணம் சொன்னார். "மகள் கல்யாணம் வரைக்கும்" என்று இழுத்துப் பிடித்து நின்றவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நம்பிக்கையைக் கடைசிவரை விடாமல், குடும்பம் முழுக்க ஜெபம் செய்துகொண்டிருக்கும்போதே போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்தப் பகுதியைத் தலைகீழாகப் படித்தால், செத்தவர்களுக்கு மனவுறுதி போதவில்லை என்று ஆகிவிடும். ஃபிராங்க்ல் அப்படிச் சொல்லவில்லை. தங்களில் மிகச் சிறந்தவர்கள் திரும்பி வரவில்லை என்றுதான் ஆரம்பத்திலேயே எழுதுகிறார்.

இந்தப் புத்தகத்தின் மேல் ஒரு நியாயமான விமர்சனம் உண்டு. ஆஷ்விட்ஸில் அவர் இருந்தது சில நாட்கள் மட்டுமே. படிக்கும்போது நீண்ட காலம் இருந்ததுபோல் தோன்றும். அது தெரிந்தே படிப்பது நல்லது.

எனக்கு முக்கியமாகப் படும் வரி வேறு. தவிர்க்கக்கூடிய துன்பமாக இருந்தால் அதன் காரணத்தை நீக்குவதுதான் அர்த்தமுள்ள செயல், தேவையில்லாமல் துன்பப்படுவதில் வீரம் இல்லை என்கிறார். பேரப்பிள்ளைப் புத்தகங்கள் வசதியாக விட்டுவிடுவது இதைத்தான். கொரோனாவுக்குப் பிந்தைய ஒரு குளிர்காலத்தில், எங்கள் வார்டில் இரவு ஷிஃப்டுக்கு இரண்டு நர்ஸ் குறைவாக இருந்த வாரங்களில், எங்களுக்கு மனவுறுதிப் பயிற்சி வைத்தார்கள். மூச்சை உள்ளே இழு, நான்கு எண்ணு. சொல்லிக்கொடுத்த பெண் நல்லவர்தான். பக்கத்திலிருந்த கேரளத்துத் தோழி என் காதில், "மூச்சு விட எங்கே நேரம்?" என்றாள். அன்று எங்களுக்கு வேண்டியது இன்னும் இரண்டு பேர்.

மனவுறுதி என்பதே தனி ஆளின் சரக்கு அல்ல. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் நாற்பது வயதுவரை கவனித்தார்கள். வறுமை, குடி, குடும்பச் சண்டை என்று பல சிக்கல்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்கு வாய்த்த முக்கியமான ஒன்று, கைவிடாத ஒரு பெரியவர். பாட்டியோ டீச்சரோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராவது ஒருவர்.

யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தபோதுதான் எல்லாம் கெட்டது.

ஆகவே அந்த நண்பருக்கு என் திருத்திய பதில்: முதல் மாதம் புத்தகம் வேண்டாம். சாப்பாடு கொண்டுபோங்கள், போய் உட்காருங்கள். பிறகு அவரே கேட்டால், பால் கலாநிதியின் 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' கொடுங்கள். தென்னிந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த மூளை அறுவை மருத்துவர். நுரையீரல் புற்றுநோயோடு மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனவர். 2015 மார்ச்சில், 37 வயதில், புத்தகத்தை முடிக்காமலே இறந்தார். கடைசி அத்தியாயத்தை மனைவி லூசி எழுதினார். அதில் அறிவுரை கிடையாது. ஃபிராங்க்லைத்தான் கொடுப்பதென்றால், முதல் பாதியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் பாதி அவருடைய சிகிச்சை முறை பற்றிய விளக்கம். உடம்பு நன்றாக இருக்கும்போதே எனக்கு மூன்று தடவை தூக்கம் வந்தது.