கறுத்த முன்பல்லும் நீல ஒளியும்

சைக்கிளிலிருந்து விழுந்து வாயில் அடிபட்ட ஒரு பையனை நினைத்துக் கொள்ளுங்கள். பல் உடையவில்லை, வலியும் நாலைந்து நாளில் போய்விட்டது. ஆனால் சில மாதங்களில் அந்த முன்பல் மட்டும் சாம்பல் நிறமாகிறது. எவ்வளவு தேய்த்தும் மாறவில்லை. சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்கிறான்.

தேய்த்துப் போக்க முடியாததற்குக் காரணம், கறை பல்லின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. பல்லின் மேலுறையான எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதன் கீழே உள்ள டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் ஏராளம். நடுவில், இரத்தக் குழாய்களும் நரம்பும் கொண்ட பற்கூழ். அடிபட்டுப் பற்கூழில் இரத்தம் கசிந்தால், அது சிதைந்து உண்டாகும் பொருள்கள் நுண்குழல்களில் புகுந்துவிடுகின்றன. அந்த நிறமே எனாமல் வழியே நமக்குத் தெரிகிறது. செங்கல் பொடி கொண்டு தேய்த்தால் தேய்வது எனாமல்தான்!

தருமபுரி வட்டாரத்தில் பலருடைய பற்களில் காணப்படும் பழுப்புத் திட்டுகளின் கதை வேறு. பல் உருவாகும் வயதில், ஃபுளூரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்ததன் விளைவு அது.

இத்தகைய பல்லின்மீது அதே நிறமுள்ள பிசினைப் பூசி மறைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் வழவழப்பான எனாமலில் பிசின் ஒட்டாது. அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் புவோனகோர் 1955-இல் இதற்கு வழி கண்டார். உலோகத்துக்கு வண்ணம் பூசுமுன் பாஸ்பாரிக் அமிலம் தடவுவது தொழிற்சாலை வழக்கம். அதையே அவர் பல்லில் செய்து பார்த்தார். என்னை மிகவும் கவர்வது இந்த இடம்தான்: பல்லை அரிக்கும் அமிலமே பூச்சை நிலைக்கச் செய்கிறது! சுவரில் பூச்சுப் பிடிக்கக் கொத்தனார் கொத்திவிடுவது போல, அமிலம் எனாமலில் நுண்ணிய குழிகளை உண்டாக்குகிறது. திரவப் பிசின் அவற்றில் இறங்கி உறைந்து, வேர்விட்டது போல் பற்றிக்கொள்கிறது. பூச்சுக்கு ஏற்ற வலுவான பிசினை ராஃபேல் போவன் உருவாக்கி, 1962-இல் காப்புரிமை பெற்றார். அதில் நுண்ணிய சிலிக்காத் தூள் கலக்கப்படுகிறது.

மருத்துவர் முதலில் நிறத்தைத் தேர்ந்தெடுப்பார். பல் உலர்ந்தால் வெளுப்பாகத் தோன்றும். ஆகவே ஈரம் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். பிறகு ஏறத்தாழ 37 சதவீத அமிலக் களிம்பைக் கால் நிமிடம் முதல் அரை நிமிடம் வரை வைத்துக் கழுவி, உலர்த்தி, ஒட்டும் திரவத்தைத் தடவுவார். அதன்மேல் பிசின் களிம்பை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கின்மீதும் நீல ஒளியைப் பாய்ச்சுவார். களிம்பிலுள்ள கேம்பர்குவினோன் அந்த ஒளியை உறிஞ்சி வினையைத் தொடங்கிவைக்க, சிறு மூலக்கூறுகள் சங்கிலிகளாக இணைந்து இறுகுகின்றன. ஓர் அடுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் ஒளி அடிவரை எட்டாது. அடிப்பகுதி சரியாக இறுகாது.

இப்பூச்சு சில ஆண்டுகள் நன்றாக இருக்கும். காப்பி, தேநீர், வெற்றிலைக் காவி அதில் ஏறும். நகம் கடித்தால் ஓரம் பெயரும். பெயர்ந்த இடத்தை மறுபடி பூசிச் சரிசெய்யலாம்.

நம் பையனுக்கு உடனே பூசிவிடலாமா? கூடாது. பற்கூழ் உயிரோடிருக்கிறதா என்று குளிர்ச்சி வைத்தும் எக்ஸ்ரே எடுத்தும் பார்க்க வேண்டும். அது இறந்திருந்தால், மேலே பளபளக்கும் பூச்சுக்கு அடியில், வேர் நுனியில் சீழ் பிடிக்கலாம். ஆகவே முதலில் வேர்ச் சிகிச்சை. பிறகு பல்லின் உள்ளிருந்தே வெளுக்கச் செய்வார்கள். சில சமயம் அதுவே போதுமானதாகி, பூச்சே தேவைப்படாமற் போவதும் உண்டு.